ஆரம்பாக்கத்தில் கேட்ட சொல்

காலை ஆறே முக்காலுக்கு ஆரம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். கும்மிடிப்பூண்டிக்கு முப்பது ரூபாய். நாகர்கோவில்காரனான எனக்கு இந்தப் பக்கம் புதிது. ஓட்டுநரின் அருகில் இடம் கிடைத்தது. பின்னால் தொழிற்பேட்டைக்குப் போகும் ஐந்தாறு பேர்.

நெல்வயல்களைத் தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "குண்டெ நொப்பி... குண்டெ நொப்பி."

ஓட்டுநர் திரும்பாமலே சொன்னார்: "குண்டி வலிக்குதா நைனா? இன்னா பண்றது, சீட்டுல ஸ்பிரிங் போயிடுச்சி."

வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தக் குரல் அடங்கிவிட்டது.

ஏழு மணிக்கு எளாவூரில் தொழிற்சாலைச் சீருடை அணிந்த ஒரு பெண் ஏறினார். ஏறியதும் கத்தினார்.

"யோவ், ஆளு வேர்த்துக்கினு கீறாரு, பாக்கலியா? இன்னா பண்ணுது நைனா?"

"குண்டெ..." என்றார் அவர், மிக மெதுவாக.

"ஐயோ, தெலுங்குல குண்டென்னா நெஞ்சுய்யா! நேரா ஆஸ்பத்திரிக்கி உடு!"

ஓட்டுநர் அதன்பின் எங்கும் நிறுத்தவில்லை. அப்போதுதான் நான் திரும்பிப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். சட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

ஏழே காலுக்கு மருத்துவமனை. இதயத்தில் அடைப்பு என்றார்கள். ஊசி போட்டு, சென்னைக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் சொன்னார்கள். அந்தப் பெண் ஆந்திரத்துத் தடாவில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். நோயாளியின் போனிலிருந்தே அவர் மனைவியைக் கூப்பிட்டார்; எடுக்கவில்லை. ஷிஃப்டுக்கு நேரமானதால் போனை என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

சற்று நேரத்தில் மனைவியே கூப்பிட்டார். எனக்குத் தெரிந்த தெலுங்கு அன்று காலை கற்ற இரண்டு சொற்கள்தான். எங்கள் ஊரில் சபையில் சொல்லக் கூசும் சொல்லைப் போலவே அதில் முதல் சொல் நாவில் தயங்கி நின்றது. "குண்டெ நொப்பி. ஆஸ்பத்திரி. கும்மிடிப்பூண்டி" என்றேன். எதிர்முனையில் அழுகை வெடித்தது.

ஒன்பது மணிக்கு, ஆம்புலன்ஸ் வந்த நேரத்தில், அவர் மனைவியும் வந்துசேர்ந்தார். என் எண்ணை வாங்கிக்கொண்டு கணவரோடு ஆம்புலன்ஸில் ஏறினார்.

பத்து நாள் கழித்து, நான் நாகர்கோவிலில் இருந்தபோது அந்த நோயாளியே போனில் பேசினார். பெயர் வெங்கடய்யா. பிழைத்து வீடு திரும்பியிருந்தார். எட்டு வருடமாகக் கும்மிடிப்பூண்டியில் மூட்டை தூக்குகிறவர். தமிழ் நன்றாகவே வந்தது. வலியில் தாய்மொழிதான் வந்தது என்றார்.

அன்று சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"உடுங்க சார்," என்றார். "நீங்கள்லாம் சிரிச்சீங்களா, அப்ப பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சிட்டேன். தைரியமா இருந்திச்சி. அதான் வாய மூடிக்கினேன்."