சங்கு முந்திய எட்டு விநாடி

என்னோடு வேலை பார்த்த பெருமாள்சாமி போய்விட்டார் என்ற சேதியை விளாத்திகுளம் பஸ் கண்டக்டர்தான் கொண்டுவந்தார். கல்லூரி வாசலில் வண்டியை நிறுத்தி, வேதியியல் துறை வரைக்கும் நடந்துவந்து சொன்னார். விடியற்காலையில் நெஞ்சு வலித்ததாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி பிடிப்பதற்குள் முடிந்துவிட்டதாம். மாணவர்களின் பதிவேடுகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நான், பேனாவை மூடாமல் சட்டைப்பையில் செருகிக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினேன். அவர் ஊரில் இறங்கும்போது பையெல்லாம் மை.

இதைப் படிக்கிற உங்களில் அவரோடு வேலை பார்த்த பலர் துக்கத்துக்கு வந்திருந்தீர்கள். இத்தனை உழைத்த மனிதருக்கு டாக்டர் பட்டம் ஏன் கிடைக்காமல் போயிற்று என்று பந்தலில் பேச்சு வந்தது. காடு கரையைப் பார்க்கவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது என்றார் ஒருவர். மழை இல்லாத வருஷங்களில் மனசு ஒடிந்துவிட்டார் என்றார் இன்னொருவர். நானும் தலையாட்டினேன். உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் தலையாட்டினேன்.

அந்தப் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட வேலை ஃபாரடே மாறிலியை அளப்பது. வெள்ளி நைட்ரேட் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் பிளாட்டினக் கிண்ணத்தில் வெள்ளி படியும். எவ்வளவு மின்சாரம், எத்தனை விநாடி, எத்தனை கிராம் வெள்ளி. இந்த மூன்றையும் பிசகில்லாமல் அளந்தால், உலகத்துக்கெல்லாம் பொதுவான ஓர் எண் கிடைக்கும். பெரிய ஆய்வுக்கூடங்களில் செய்கிற வேலையை லாரி பேட்டரியை வைத்துக்கொண்டு இங்கே எதற்குச் செய்ய வேண்டும் என்று நான் கேலி செய்வேன். அவருக்குக் கோபமே வராது. "மாறிலின்னா இங்கனயும் அதேதாம்வே இருக்கணும்" என்பார். மழையை நம்பிப் பருத்தியும் மிளகாயும் போட்ட குடும்பத்தில் பிறந்தவருக்கு, மாறாத ஒன்றின் மேல் அப்படி ஓர் ஆசை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள். பத்து மணிக்கு மின்சாரத்தைச் செலுத்திப் பன்னிரண்டுக்கு நிறுத்த வேண்டிய சோதனை. பதினொரு மணிக்கு ஊரிலிருந்து ஆள் வந்துவிட்டார். ராத்திரி நல்ல மழை, ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். கரிசல் காட்டுக்காரருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டாம். சுவிட்சை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைக் காட்டிச் சொன்னார்: "மில் சங்க நம்பாதேயும்வே. அத ஊதுதவனும் நம்மள மாதிரி மனுசந்தான்."

மில் சங்கு பன்னிரண்டுக்கு ஊதும். ஊரே அதைக் கேட்டுத்தான் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும், அடுப்பில் உலை வைக்கும். அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நான் சங்கு கேட்டதும் ஓடிவந்து சுவிட்சைத் தட்டினேன். தட்டிய பிறகுதான் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன். பன்னிரண்டுக்கு இன்னும் எட்டு விநாடி இருந்தது. நோட்டில் பன்னிரண்டு என்றே எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து வந்தவர் கிண்ணத்தைக் கழுவி உலர்த்தி நிறுத்தார், கணக்குப் போட்டார். அதுவரை அவருக்குக் கிடைத்த மதிப்பெல்லாம் புத்தக மதிப்புக்குக் கொஞ்சம் குறைவாகவே வந்திருந்தது. அன்றைக்கு மட்டும் அச்சாகப் பொருந்தியது. நோட்டைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்து நின்ற அந்த முகத்தைப் பார்த்த பிறகு எட்டு விநாடியை எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அந்த 'நாளை' வர இரண்டு வருஷம் ஆயிற்று. ஒரு தடவை சரியாக வந்துவிட்டதால் முறையில் கோளாறு இல்லை, தன் கையில்தான் கோளாறு என்று அவர் முடிவு கட்டிவிட்டார். திரும்பத் திரும்பச் செய்தார். ஒவ்வொரு முறையும் பழைய குறைவான மதிப்பே வந்தது. "கை சரியில்லவே" என்று விரல்களைப் பார்த்துக்கொள்வார். சைக்கிள் ஓட்டினால் நிறுக்கும்போது கை நடுங்குகிறது என்று சைக்கிளை விட்டுவிட்டார். ரயில்வே கேட்டுக்குத் தெற்கேயிருந்து கல்லூரிக்குத் தினமும் நடைதான். நான் சைக்கிளில் அவரைக் கடந்து போவேன். மணி அடிக்கக்கூட எனக்கு மனசு வராது.

ஒரு சித்திரை மாதத்து வெயிலில், செருப்பு வார் அறுந்து அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். என்னால் முடியவில்லை. இறங்கி, ரோட்டிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"எத்தன விநாடி?"

"எட்டு."

வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டார். கணக்கு முடிந்ததும், "அப்ப கை சரியாத்தாம்வே இருந்திருக்கு" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றே மாதத்தில் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார். வெள்ளிப் படிகங்களுக்கு நடுவே துளிக் கரைசல் சிக்கிக்கொண்டு எடையைக் கூட்டியிருக்கிறது; எடை கூடினால் கணக்கில் மதிப்பு குறையும். நான் எட்டு விநாடி வெள்ளியைக் குறைத்ததும் அந்தக் கூடுதலும் சரிக்குச் சரியாய்ப் போயிருக்கின்றன. கிண்ணத்தைச் சூடேற்றிச் சிக்கிய கரைசலை விரட்டியபின் மதிப்பு வந்தது, ஒழுங்காக, ஒவ்வொரு தடவையும். ஆனால் அதற்குள் அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார், பல்கலைக்கழகம் கொடுத்த கெடுவும் முடிந்திருந்தது. புதிதாகப் பதிவு செய்யச் சொன்னார்கள். அவர் செய்யவில்லை. மதிப்புதான் வந்துவிட்டதே, போதும் என்றார். போதும் என்று அவர் சொன்னதை நான் ஒரு நாளும் நம்பியதில்லை.

அதன் பிறகும் துறையில் என் மேஜைக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தார், என் டிபன் பாக்ஸிலிருந்து ஊறுகாய் எடுத்துக்கொண்டார். அந்தப் பேச்சை ஒரு தடவைகூட எடுத்ததில்லை. எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

காரியம் முடிந்து கிளம்பும்போது அவர் மனைவி அந்த நோட்டைக் கொண்டுவந்து தந்தார். "அண்ணாச்சி, இத ஒங்ககிட்டத்தான் குடுக்கணும்னு அவிய சொல்லிருந்தாவ." பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் தேடினேன். என் எழுத்தில் இருந்த பன்னிரண்டு மணியை ஒரே கோட்டில் அடித்து, மேலே பதினொன்று ஐம்பத்தொன்பது, ஐம்பத்திரண்டு விநாடி என்று எழுதியிருந்தார். குறிப்பு என்ற இடத்தில் அவருடைய பொடி எழுத்தில் ஒரே வரி: "மில் சங்கு எட்டு விநாடி முந்தி ஊதிவிட்டது."

மொத்தப் பழியையும் சங்கின் மேல் போட்டு என்னை விட்டுவிட்டிருக்கிறார். நம்பாதே என்று சொல்லியும் சங்கை நம்பியவன் நான்; அவர் பிழையாக எழுதிவைத்த வரி அந்த நோட்டில் அது ஒன்றுதான். அந்த நோட்டு இனி என்னிடம் இருக்கும். அந்த வரிக்குக் கீழே, சுவிட்சைத் தட்டியவன் என்று போட்டு, நேற்று என் பெயரை எழுதினேன்.