தங்கையை ஒப்பிட்டுப் பேசாத பெனிசிமானி

எங்கள் தீவில் கொலோங்கா ஊர்ச் சபைக் கூடத்தில் வாரநாட்களில் சாயங்காலம் ஆங்கில வகுப்பு நடந்தது. கூடத்தைப் பெருக்குகிறவள் நான். பெருக்கி முடித்ததும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். பலகையில் எழுதியது என் கண்ணுக்கு எட்டாது. பெனிசிமானி எனக்கு முன்வரிசையில் உட்காருவான். மாஸ்டர் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் அவன் உரக்கப் படிப்பான். "பிரசங்கியாரே, மெதுவா வாசிங்க" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். சளி பிடித்து நான் வராத வாரத்தில் அவன் வாயே திறக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். யாருக்காகப் படித்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. நான் கேட்டதுமில்லை, அவன் சொன்னதுமில்லை.

அவன் மனைவி செய்னி கடல் கடந்து ஆக்லாந்தில் முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். பெண்குழந்தை அங்கேதான் பிறந்தது. அவன் அதைத் தொலைபேசித் திரையில் பார்த்ததோடு சரி. அங்கே குடியேற வேண்டுமானால் நகரத்து அலுவலகத்தில் ஆங்கிலம் பேசிக் காட்ட வேண்டும். பேசத் தவறினால் இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடுவார்கள். அதிலும் தவறினால் அவன் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

அதனால் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பன்றிகளுக்குத் தேங்காய் உடைத்துப் போடும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். "கோ, வென்ட், கான்" என்று வேலியோரம் போவான்; திரும்பி வரும்போது "ஈட், ஏட், ஈட்டன்". எங்கள் பேச்சில் நடந்து முடிந்தது என்று காட்ட ஒரு சின்னச் சொல்லை முன்னால் வைத்தால் போதும், வினை அப்படியே நிற்கும். ஒன்றைவிட ஒன்று பெரியது என்பதற்கும் இன்னொரு சின்னச் சொல் உண்டு, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு மாதிரி உரு மாறுவதைப் பார்த்து அவன் மிரண்டுபோனான்.

"மாஸ்டர், இதெல்லாம் யார் உக்காந்து கட்டினது? ஒரு ஒழுங்கு வேணாமா?" என்பான்.

"கட்டினவன் செத்துப் போயிட்டான் பெனி. நீ உயிரோட இருக்க, நீதான் படிக்கணும்" என்பார் மாஸ்டர் வைலியா.

மாஸ்டர் எங்கள் ஊர்க்காரர். ஒப்பிட்டுச் சொல்லப் பழக்கும்போது பன்றி, படகு, பெருவள்ளிக்கிழங்கு இவற்றைத்தான் எடுத்துக்கொள்வார். பெனியும் தேறிவிட்டான். எந்தப் பன்றி கொழுத்தது, எந்தப் படகு வேகமானது என்று தப்பில்லாமல் சொன்னான்.

முதல் தேர்வுக்கு எங்கள் வழக்கப்படி மரியாதைக்கு இடுப்பில் பாய் கட்டிக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் போனான். திரும்பி வந்தவன் கடற்கரையில் மேலும் கீழும் நடந்தான். தோற்றுவிட்டான். ஆண்கள் கூடிக் கவா வேர்ச்சாறு குடிக்கிற இடத்தில், "பன்னியைப் பத்திக் கேக்கலையாம், அதான் மாட்டிக்கிட்டான்" என்று சிரித்தார்கள்.

மறுநாள் கூடத்துக்கு வந்து பெஞ்சுகளை இழுத்து இழுத்துப் போட்டான். என்னடா கேட்டாங்க என்றேன்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருக்கான்னு கேட்டாங்க அக்கா. ஆமான்னு சொன்னேன். உங்க ரெண்டு பேர்ல யார் உயரம், யார் கெட்டிக்காரங்க, யார் நல்லா சமைப்பாங்கன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் முன்னால கூடப் பிறந்தவளை நிறுத்தி வச்சு அளக்கறதா? வாய் ஒட்டிக்கிச்சு. பதில் தெரியலைன்னு எழுதிட்டாங்க."

எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவன் தங்கை லோசலினே வந்தால் அந்த அறையை விட்டு எழுந்து போகிறவன் அவன். தங்கைக்குக் கொடுக்கிற மரியாதை அது; எங்களில் அண்ணன்மார் எல்லோரும் அப்படித்தான்.

"தங்கச்சி இல்லைன்னு சொல்லிட்டா வம்பில்ல. அதையும் என்னால சொல்ல முடியாது" என்றான். பொய் சொல் என்று நானும் சொல்லமாட்டேன். ஜெபம்தான் செய்தேன்.

இரண்டாம் தேர்வு நெருங்க நெருங்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. செய்னி கூப்பிட்டால் எடுக்கப் பயந்தான். கடைசியில் நானே லோசலினே வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவள் பாய் முடைந்துகொண்டே கேட்டாள்.

"ஊர்ப் பன்னியெல்லாம் அளந்து பேசத் தெரியுது, என்னைப் பத்தி வாய் தொறக்க முடியலையாமா?"

"மரியாதை, லோசா."

"மரியாதை யாருக்கு, எனக்குத்தானே? அண்ணனுக்கு மேல நானா, எனக்கு மேல அண்ணனா?"

"நீதான். நம்ம வழக்கத்துல கூடப்பிறந்தவதானே மேல."

"அப்போ மேல இருக்கறவ சொல்றேன்னு சொல்லுங்க. என்ன கேட்டாலும் நான்தான் ஒசத்தின்னு பதில் சொல்லட்டும். சமையல்லயும்."

"சமையல்லயுமா?"

"சிரிக்காதீங்க அக்கா. பிள்ளை அப்பன் முகம் பார்க்காம வளருது."

சொன்னபோது பெனி நம்பவில்லை. இரண்டு முறை திருப்பிச் சொல்ல வைத்தான். பிறகு வாசலுக்கும் கிணற்றுக்குமாக நடக்க ஆரம்பித்துவிட்டான்.

தேர்வன்று துணைக்கு நானும் பேருந்தில் போனேன். வழியெல்லாம் அவன் தொடை ஆடிக்கொண்டே வந்தது. வெயிலுக்காக அலுவலகக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள், வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் காதில் விழுந்தது. முதலில் மீன்பிடிப்பைப் பற்றிக் கேட்டார்கள். ஓரிடத்தில் வினையை மாற்றிச் சொல்லிவிட்டு, தானே திருத்திக்கொண்டான். அதன்பின் குடும்பத்துக்கு வந்தார்கள். கூடப்பிறந்தவள், அவளும் நீயும், யார் எப்படி என்று அதே கேள்வி.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். நாற்காலி நகர்ந்தது. எட்டிப் பார்த்தேன், எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

"உட்காருங்கள், ஏன் நிற்கிறீர்கள்?" என்றார் கேட்டவர்.

"அவளைப் பற்றி உட்கார்ந்து பேசமாட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். பிறகு நின்றபடியே நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனான். அவள் என்னைவிட உயர்ந்தவள். என்னைவிடப் புத்திசாலி. அத்தை என்ற முறையில் என் மகள்மேல் என்னைவிட அவளுக்கு உரிமை அதிகம். என்னைவிட நன்றாகச் சமைப்பாள். வெளியே இருந்த எனக்குத் தெரியும், லோசலினே வேகவைத்த சேப்பங்கிழங்கு தீயாத நாள் கிடையாது. கர்த்தர் அந்த ஒரு பொய்யைப் பொறுத்துக்கொள்வார்.

தேறிவிட்டான் என்று அடுத்த வாரம் மாஸ்டர் ஓடிவந்து சொன்னார். அதற்குப் பிறகும் பெனிக்கு நிம்மதி வரவில்லை. பெட்டியைக் கட்டுவான், அவிழ்ப்பான். பன்றிகளைக் கொடுத்துவிட்டு, அவற்றைப் பார்க்கத் தினமும் போவான்.

விமான நிலையத்துக்கு ஊரில் பாதிப்பேர் வந்திருந்தோம். அழுகையும் பாட்டுமாக இருந்தது. லோசலினே தூரத்தில், வேப்பமரத்தடியில் வண்டியருகே நின்றாள், கிட்டே வரவில்லை. அவன் எல்லோரையும் முத்தமிட்டுவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்தான். லோசலினே நின்ற பக்கம் முகத்தைத் திருப்பாமலே பேசினான். கடைசியாக அவன் சொன்னது இதுதான், அதன்பின் அவனை நான் பார்க்கவில்லை.

"அவ அங்க நிக்கறது தெரியும் அக்கா. பிள்ளைக்கு இன்னும் பேர் வைக்கல, அத்தைதான் வைக்கணும்னு செய்னிகிட்ட சொல்லியிருக்கேன். என்ன பேர்னு அவகிட்ட கேட்டு அனுப்புங்க. சீக்கிரம் அனுப்பச் சொல்லுங்க, நான் போய் இறங்கினதும் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடணும்."