தொப்பிக்காரர் படம்

அறுபதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானல் பஜாரில் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடை வைத்திருந்தேன். முருகன் படம், கல்யாணப் படம், செத்தவர் படம் எல்லாம் என் கை பட்டுத்தான் சுவருக்குப் போகும். செத்தவர் படமென்றால் கண்ணாடியின் மேல், நெற்றி வரும் இடத்தில், சந்தனமும் குங்குமமும் நானே வைத்துக் கொடுப்பேன். பொட்டு வைத்த படத்தை யாரும் வேண்டாமென்று விட்டுப் போக மாட்டார்கள். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது; வியாபாரத்துக்கு நல்லது என்று வைத்தேன்.

கவுஞ்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் புருஷன் அமெரிக்கப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் தோட்ட வேலை பார்த்தவன். மழையில் மரம் சாய்ந்து செத்துப் பத்து மாதம் ஆகியிருந்தது. இருந்தவரை அவனை யாரும் போட்டோ எடுத்ததில்லை. வருஷத் திதிக்குச் சுவரில் மாட்ட ஒரு முகம் வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

மடியிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து நீட்டினாள். தோளில் மட்டையோடு, தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரன். அமெரிக்காவில் மிட்டாய்ப் பொட்டலத்துக்குள் வைத்து வரும் பந்தாட்டக்காரர் படம். யாரோ எறிந்ததை அவள் புருஷன் எடுத்திருக்கிறான். கண்ணும் மூக்கும் உன்னை உரித்து வைத்த மாதிரி இருக்கிறது என்று கூட வேலை செய்தவர்கள் கேலி பண்ண, அன்றிலிருந்து சட்டைப் பையிலேயே வைத்திருந்தானாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"அவருதாங்க," என்றாள். "நெறந்தான் வேற."

அட்டை ஒரு வாரம் என் மேசையில் கிடந்தது. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்தக் கண் கூடவே வந்தது. அச்சடித்த கண் அப்படித்தான் பார்க்கும், தொழில்காரனுக்குத் தெரியாததா? ஆனாலும் மத்தியானம் மேகம் இறங்கிக் கடை இருண்டபோது அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் காலையில் நிமிர்ந்து கிடந்தது. எலி புரட்டியிருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அந்த வாரம்தான் அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் வந்தார். அமெரிக்கர், தமிழ் நன்றாகப் பேசுவார். அட்டையைப் பார்த்ததும் முகமே மாறிவிட்டது. சின்ன வயதிலிருந்து இப்படிப்பட்ட அட்டைகளைச் சேர்ப்பவராம். அந்த வரிசையில் இது ஒன்றுதான் அவரிடம் இல்லை. ஐம்பது ரூபாய் தருகிறேன் என்றார். மிட்டாய்க்கு இலவசமாக வந்த அட்டைக்கு ஐம்பது ரூபாயா என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். இந்த ஆளை அன்றைக்கு யாருக்கும் பிடிக்காது, தோற்றுக்கொண்டே இருந்தவன். பிள்ளைகள் இவன் படத்தை எறிந்துவிட்டார்கள், தாய்மார்கள் அடுப்பில் போட்டார்கள். பெரிய ஆட்டக்காரர்கள் படத்தை எல்லோரும் பத்திரப்படுத்தினார்கள், அதனால் அவை எங்கும் கிடைக்கும். வேண்டாமென்று எறியப்பட்டவனுக்குத்தான் இன்றைக்கு விலை.

பணத்தோடு, எங்கும் கிடைக்கும் வேறொரு தொப்பிக்காரன் படத்தையும் சும்மா கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். கவுஞ்சிக்காரிக்கு எந்த வெள்ளைக்காரனாக இருந்தால் என்ன என்று நினைத்தேன். அந்த நினைப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

புதுத் தொப்பிக்காரனுக்குச் சட்டம் போட்டு, பொட்டும் வைத்தேன். அவள் வந்து வெகுநேரம் பார்த்தாள். முகம் அகலமா இருக்கே என்றாள். கண்ணாடி போட்டால் அப்படித்தான் தெரியும் தாயி என்றேன். கண்ணாடிக்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, முந்தானையால் பொதிந்து எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்று மாதம் கழித்துக் கவுஞ்சிக் கோயில் படங்களுக்கு அளவெடுக்கப் போனேன். பூண்டு காயப்போட்டிருந்த களத்தில் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வரச் சொன்னாள். உள்ளே சுவரில் அந்த ஆள் மாலையோடு இருந்தான். அமெரிக்காவில் எங்கோ உயிரோடு மட்டை பிடித்துக்கொண்டிருப்பவன். அவன் நெற்றியில் என் குங்குமத்தின் மேல் அவள் தினமும் வைத்த குங்குமம் தடித்துப்போயிருந்தது.

"பொட்டு வச்ச படத்த நானாக் கழட்டக் கூடாதுண்ணே. நீங்க வச்சதுதானே. நீங்களே எடுத்துருங்க," என்றாள்.

ஏன் என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

அவள் கோபப்படவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுச் சங்கதி சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"திதியன்னிக்கிருந்து அவரு வாசல்லயே நிக்கிறாருண்ணே. உள்ள வாங்கன்னா, வேற ஆளு இருக்குங்கிறாரு."

வாத்தியார் அதற்குள் தன் ஊருக்கே போய்விட்டார், அட்டையோடு. படத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, நடந்ததை அவளிடம் சொன்னேன். ஐம்பது ரூபாயை நீட்டினேன். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை; சுவரில் ஆணி அடித்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வெளியே மேகம் படியேறி வந்திருந்தது. வாசலைத் தாண்டும்போது, என்னையறியாமல் ஒருபக்கமாக ஒதுங்கி, அவருக்கு வழிவிட்டு இறங்கினேன்.