கூட்டாத வீடு

பொங்கலுக்கு வந்த பிள்ளைகள் கிளம்பிப் போனதும் எங்கள் வீட்டில் துடைப்பத்துக்கு விடுமுறை. விடுமுறை விடுவது என் மனைவி. ஊருக்குப் போகிறவர்கள் படி இறங்கியவுடன் வீட்டைக் கூட்டக்கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம்தான். மற்ற வீடுகளில், இந்நேரம் பஸ் ஏறியிருப்பார்கள் என்று தோன்றியதும் துடைப்பத்தை எடுத்துவிடுவார்கள். என் மனைவியிடம் அந்தச் சலுகையெல்லாம் கிடையாது. போனவர் ஊர் போய் இறங்கி, போனை எடுத்து, தன் வாயால் 'வந்துட்டோம்' என்று சொல்ல வேண்டும். அதுவரை ஒரு தூசு நகராது. ஆரம்பப் பள்ளியில் காலமெல்லாம் பேர் கூப்பிட்டு வருகை போட்டவள். பிள்ளை வாயைத் திறந்து 'உள்ளேன் டீச்சர்' என்று சொன்னால்தான் அவளுக்குப் பிள்ளை வந்த மாதிரி.

இதைப் பிள்ளைகளும் பழகிக்கொண்டுவிட்டார்கள். மகன் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த காலத்தில், விடுமுறை முடிந்து திரும்பியதும் பஸ் ஸ்டாண்டு பூத்திலிருந்து போன் செய்வான். 'அம்மா, வந்துட்டேன், கூட்டிக்கோ.' பேச்சு அவ்வளவுதான். அண்ணனைப் பார்த்து மகளும் அதையே சொல்ல ஆரம்பித்தாள். கல்யாணமாகிச் சென்னைக்குப் போனபிறகும் அதே வார்த்தைதான். அந்தக் 'கூட்டிக்கோ'வைக் கேட்டதும் இவள் முகத்தில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், என் சம்பள உயர்வுக்குக்கூட அப்படி ஒருநாளும் வந்ததில்லை.

நான் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். நெல்லை ஒரு பிடி அள்ளிப் பல்லில் கடித்தால், ஈரம் பார்க்கும் மெஷின் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன். இப்போது கடித்துப் பார்க்க நெல் இல்லாததால் மனைவியின் பேச்சில் ஈரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர். டவுன் என்றால் கும்பகோணத்துக்காரர்கள் சிரிப்பார்கள், கிராமம் என்றால் எங்களுக்குக் கோபம் வரும். வீட்டுக்குப் பின்னால் வயல். காலையில் இரண்டு டம்ளர் காபி, பேப்பரில் ஆளுக்குப் பாதி, பத்து மணிக்கு மேல் ஃபேன் வேண்டும் வேண்டாம் என்று ஒரு சண்டை, சாயங்காலம் வாசலில் இரண்டு நாற்காலி. சண்டைக்கு வேறு விஷயம் கிடைப்பதில்லை என்பதால் ஃபேனை நாங்கள் மாற்றவே இல்லை.

இந்த வருஷம் மகனும் மகளும் ஒரே சமயத்தில் வந்தார்கள். பல வருஷமாக ஒருவர் வந்தால் இன்னொருவர் வரமாட்டார். மகன் ஜெர்மனியிலிருந்து மனைவி, மகளோடு வந்திருந்தான். மகள் சென்னையிலிருந்து தன் வீட்டுக்காரரையும் இரண்டு பையன்களையும் அழைத்துக்கொண்டு வந்தாள். பாத்ரூம் வாசலில் எப்போதும் ஒருவர் துண்டோடு நின்றார். எந்த ப்ளக்கைப் பார்த்தாலும் ஒரு சார்ஜர் தொங்கியது. ஹாலில் பாய் விரித்தால் நடக்க இடமில்லை. ஜெர்மனிப் பேத்தி கரும்பு கடிக்கக் கற்றுக்கொண்டு, சக்கையைத் துப்பக் கட்டிலுக்கு அடியில் ஓர் இடம் பிடித்துக்கொண்டாள். கிரேயான் துண்டுகள், மினுக்குப் பொட்டு, முறுக்குத் தூள், எறும்பு வரிசை. 'இது வூடா, பஸ் ஸ்டாண்டா' என்று நான்தான் கத்தினேன். கத்தும்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

மகள் குடும்பம் முதலில் கிளம்பியது. சாயங்காலமே 'வந்துட்டோம்மா, கூட்டிக்கோ' வந்துவிட்டது. ஆனால் மகன் இன்னும் வீட்டில் இருந்ததால், எல்லாரும் போனபிறகு சேர்த்துக் கூட்டிக்கொள்ளலாம் என்று என் மனைவி விட்டுவிட்டாள். பிறகு ஒரு காலையில் மகன் குடும்பம் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போகக் கார் வந்தது. பேத்தி காருக்குள்ளிருந்து கை ஆட்டினாள். கார் திரும்பியதும் தெரு ரொம்ப அகலமாகத் தெரிந்தது. நாங்கள் உள்ளே வந்து ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தோம்.

மறுநாள் வேலைக்கு வரும் பெண் துடைப்பத்தை எடுக்கப் போனாள். என் மனைவி தடுத்தாள்.

"பாத்திரத்தை மட்டும் தேச்சிட்டுப் போ. உள்ள கூட்ட வேணாம்."

"வாசல் தெளிச்சிக் கோலம் போட்டிருக்கீங்களேம்மா?"

"வாசல் வேற, வூடு வேற."

விமானம் மாறும் இடத்திலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. அதன்பிறகு ஒன்றும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. போன் அவள் இடுப்பில் செருகியபடியே இருந்தது. குளிக்கப் போனால் என் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். பால்காரர் கூப்பிட்டால்கூட முதல் மணியிலேயே எடுத்தாள். நாமே கூப்பிட்டுக் கேட்டுவிடலாமே என்றேன்.

"கேட்டு வாங்கினா அவன் சொன்னதா ஆவுமா? பேர் கூப்புட்டப்புறம் ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் போயி நீ வந்திருக்கியா, நீ வந்திருக்கியான்னு கெஞ்சுவேனா நான்?"

"அது பள்ளிக்கூடம். இது ஜெர்மனி."

"எல்லாம் ஒண்ணுதான். அவனே பண்ணுவான். இருங்க."

இருந்தோம். வேலைக்கு வரும் பெண் தினமும் கேட்டுப் பார்த்தாள். "இன்னுமாம்மா தம்பி ஊருக்குப் போவல? அந்த ஊரு என்ன, வானத்துக்கு மேலயா இருக்கு?" இவள் பாத்திரத்தை நகர்த்திப் போட்டாள்.

அதற்கும் அடுத்த நாள் காலை காபி குடித்துக்கொண்டே போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை பார்த்தவர்கள் அனுப்பும் தாமரைப்பூ, காலை வணக்கம் எல்லாவற்றையும் தாண்டியபோது மருமகளின் ஸ்டேட்டஸ் வந்தது. வீட்டு வாசலில் பனி. பேத்தி தடிமனான கோட்டுக்குள் நின்றுகொண்டிருக்கிறாள். கையில் இங்கே சுட்ட முறுக்கு. முதல்நாளே போட்ட படம்.

நல்லபடியாகப் போய் இறங்கிவிட்டார்கள். முதலில் அந்த நிம்மதிதான் வந்தது. அது காபி ஆறுவதற்குள் போய்விட்டது. படம் எடுக்க நேரம் இருக்கிறது, ஊருக்கே காட்ட நேரம் இருக்கிறது, ஒரு வார்த்தை 'கூட்டிக்கோ' சொல்ல நேரம் இல்லையா? மகனுக்குச் சூடாக நாலு வரி எழுதினேன். அனுப்பாமல் அழித்தேன். நான் சொல்லி அவன் பேசினால், அவன் குரலிலேயே இவள் கண்டுபிடித்துவிடுவாள். ஈரம் பார்ப்பதில் அவள் எனக்கு மேல்.

படத்தைக் காட்டலாம்தான். காட்டினால், வந்து சேர்ந்தது மட்டுமா தெரியும்? மறந்ததும் தெரியும். அதை நான் என் வாயால் சொல்ல வேண்டுமா? நல்லவேளை, அவளுக்கு ஸ்டேட்டஸ் பார்க்கத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் போனை அவள் பேசுவதற்கும் கொல்லைப்பக்கம் டார்ச் அடிப்பதற்கும்தான் வைத்திருந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் படமும் தானாக மறைந்துபோனது. இனி அவனாகக் கூப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

அப்படியே நாட்கள் போயின. குப்பையோடு குடும்பம் நடத்தினோம். கிரேயான் துண்டுகளைத் தாண்டி நடக்கப் பழகினோம். கட்டிலுக்கு அடியில் இருந்த கரும்புச் சக்கையை நான் குனிந்து பார்ப்பதுண்டு. முதலில் ஈரமாக, எறும்பு மொய்த்துக்கொண்டு கிடந்தது. பிறகு எறும்பு விட்டுப்போனது. பிறகு வெளுத்துச் சுருண்டது. அவர்கள் போய் எவ்வளவு நாளாயிற்று என்று காலண்டரைப் பார்க்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. எனக்கு மகன்மேல் கோபம், இவள் பிடிவாதத்தின்மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலே வீடு இவ்வளவு அமைதியாக இருப்பதன்மேல் கோபம். ஃபேனுக்குக்கூட நாங்கள் சண்டை போடவில்லை.

பின்னால் வயலில் சம்பா அறுவடைக்கு மெஷின் வந்தது அப்போதுதான். மெஷின் ஓடினால் வைக்கோல் தூசும் சுணையும் கொல்லைக்கதவை மூடினாலும் உள்ளே வரும். மத்தியானத்துக்குள் தரை முழுக்க மஞ்சள் படிந்துவிட்டது. இவளுக்கு வீசிங் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள். இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தேன். கொஞ்சம் அடங்கியது. எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கதவு மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்துவிட்டேன்.

"வைங்க அதை. அவன் இன்னும் சொல்லல."

"அவன் போயி எத்தனையோ நாளாச்சு! நான் ஸ்டேட்டஸ்ல பாத்தேன். நல்லாத்தான் இருக்காங்க. நீ இங்க மூச்சுவுட முடியாம கெடக்குற."

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன்.

"பாப்பா கையில முறுக்கு வச்சிக்கிட்டு நிக்கிறாளே, அந்தப் போட்டோவா?" என்றாள்.

நான் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தேன்.

"அன்னிக்கே பாத்தேன். மருமகதான் இங்க இருந்தப்ப ஸ்டேட்டஸ் பாக்கக் கத்துக்குடுத்தா. உங்களுக்கு முன்னாடியே பாத்திருப்பேன். பாத்தா நீங்க அவன்கிட்ட கத்துவீங்க, அப்புறம் தனியா உக்காந்து வருத்தப்படுவீங்க. அதான் சொல்லல."

"தெரிஞ்சிக்கிட்டேவா இந்தக் குப்பைய வச்சிக்கிட்டு இருந்தே?"

அவள் கட்டில் பக்கம் பார்த்தாள். "கூட்டிட்டா அவங்க போயிட்டாங்கன்னு ஆயிடும்ங்க."

மெஷின் ஒரு வரிசை முடித்துத் திரும்பும் சத்தம் கேட்டது. அவளே மெதுவாகச் சொன்னாள்.

"போனவுடனே கூட்டிக் கழுவி விடுறது ஒரு வீட்டைத்தான். பொணம் தெருமுனை தாண்டினதும் தண்ணிய ஊத்திடுவாங்க. உயிரோட போறவங்களுக்கு யாராச்சும் அப்படிப் பண்ணுவாங்களா?"

பண்ணமாட்டார்கள்தான். இத்தனை வருஷம் இதை நான் ஒரு டீச்சரம்மாவின் கெடுபிடி என்று கேலி செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். அவளை வாசல் பக்கம் நாற்காலியில் உட்காரவைத்து, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, நானே கூட்டினேன். வராத வேலை, முதுகு பிடித்துக்கொண்டது. கட்டிலுக்கு அடியில் சக்கையை இழுத்தபோது அது சருகு மாதிரி சத்தம் போட்டது. துளி ஈரமில்லை. கிரேயான் துண்டுகளை மட்டும் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டேன். பிறகு தரையையும் துடைத்தேன். வீடு பளிச்சென்று ஆகிவிட்டது. அவ்வளவு பெரிய வீட்டை ஏன் கட்டினோம் என்று இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மகன் கூப்பிட்டான். இவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, சாரிம்மா. வந்ததும் பாப்பாவுக்குக் காய்ச்சல், ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை. இன்னிக்குத்தான் திடீர்னு ஞாபகம் வந்துச்சு. ஐயோ, அம்மாகிட்ட சொல்லவே இல்லையேன்னு. கூட்டிட்டியாம்மா?"

இவள் சுத்தமாகத் துடைத்துக் கிடந்த தரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அதெப்படிப்பா? நீ சொல்லாம கூட்டுவேனா?"

"இத்தனை நாளாவா? அம்மா!"

"அதனால என்ன. பாப்பாவுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு?"

"இப்ப பரவால்லம்மா. வந்துட்டோம். கூட்டிக்கோ."

"சரிப்பா."

வராத பிள்ளைக்கு ஒருநாளும் வருகை போடாதவள். இன்ஸ்பெக்டர் வந்து நின்றபோதுகூடப் போட்டதில்லை என்று பெருமையாகச் சொல்வாள். அன்றைக்கு மகனுக்குப் போட்டுவிட்டாள்.

போனை வைத்ததும் எழுந்து துடைப்பத்தை எடுத்தாள். ஹாலிலிருந்து ஆரம்பித்து அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போனாள். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து கூட்டினாள். ஒன்றும் வரவில்லை.

"என்னத்தைக் கூட்டுறே?"

"சொல்லிட்டான்ல. கூட்டணும்ல."

கூட்டி முடித்து, துடைப்பத்தில் கையை ஊன்றி நின்றுகொண்டு, சமையலுக்கு என்ன காய் என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

"ஏங்க, நான் போறப்ப மட்டும் உடனே தண்ணி ஊத்திக் கழுவ வுடாதீங்க. ஒரு நாளாச்சும் அப்படியே கெடக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அதெப்படி? வந்துட்டேன், கூட்டிக்கங்கன்னு நீ போன் பண்ணணுமே."

அவள் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பில் இழுப்பு வந்துவிட்டது. கையாலேயே இன்ஹேலர் என்று ஜாடை காட்டினாள். எடுத்துவர அறைக்குள் போனேன். அது ஜன்னல் ஓரத்திலேயே இருந்தது. கையில் எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.