மரியாதையாக வந்த மெயில்

எனக்கு எழுபத்துமூன்று வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன்; நால்வரும் மாதச் சம்பளத்துக்குப் போகிறார்கள். எனக்கு என் பெயரை எழுதத் தெரியும், பஸ்ஸில் ஊர்ப் பெயரைப் படிக்கத் தெரியும். மற்றதை யாரையாவது வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வேன். அதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை.

கடைசிப் பெண், ஒரகடத்தில் கார்களுக்கு ரப்பர் பாகம் செய்யும் சின்னக் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பொறுப்பில் இருக்கிறாள். அங்கே பெரிய பயம் ஒன்றுதான்: தங்கள் சரக்கு போகாமல் கார் கம்பெனியில் கார் பூட்டும் லைன் நின்றுவிடக் கூடாது. அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரை, அப்படி ஒருமுறை நின்றதற்காகத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

போன ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு கம்பெனிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மெஷின்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். முதலாளி பூசணிக்காயோடு வாசலில் நின்றார். மகள் தன் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்க அறைக்குள் போனாள். உட்கார இடம் கிடைக்கும் என்று நானும் போனேன்.

திரையைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"முதலாளி மெயில் போட்டுக்கிறாரும்மா. நம்ம சரக்கு போவாம லைன் நிக்கப் போவுதாம். இந்த லிங்க்ல பாஸ்வேர்டைப் போட்டு உடனே சரின்னு சொல்லணுமாம். அந்த ஏஐ வேற இத்தப் புடிச்சு நிறுத்தி வெச்சிக்கினு கீது."

அந்த ஏஐ அங்கே புதிது. வருகிற மெயிலையெல்லாம் அதுதான் முதலில் படிக்கும். யார் எப்படி எழுதுவார்கள் என்று பழகி வைத்திருக்கும். சந்தேகம் வந்தால் மேலே மஞ்சள் பட்டை போட்டு நிறுத்திவிடும். ஆனால் லைன் நிற்கிறது என்று கண்டால் அங்கே யாரும் பட்டையைப் படிப்பதில்லை. மெயிலை விடுவிக்கும் பொத்தானை அமுக்கிவிடுவார்கள். அவள் விரலும் அதன்மேல்தான் இருந்தது.

"அந்த மஞ்சள்ல இன்னா எழுதிக்கீது?" என்றேன். எழுத்தைக் கண்டால் கேட்பது என் வழக்கம், வேறு காரணமில்லை.

"என் வேலையே போவப் போவுது, இப்பதான் கேக்கணுமா? கம்முனு இரும்மா."

"படிச்சிட்டு அமுக்கு."

பல்லைக் கடித்துக்கொண்டு இங்கிலீஷைத் தமிழாக்கிப் படித்தாள். "அனுப்புன முகவரி புதுசு. இவர் எப்பவும் ரெண்டு வரிக்கு மேல எழுதமாட்டார். தயவுசெய்துன்னோ நன்றின்னோ இதுவரைக்கும் எழுதினதே இல்ல. இதுல ரெண்டுமே..."

நிறுத்தினாள். விரலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"பூசணிக்காயக் கையில வெச்சிக்கினு எவன் மெயில் போடுவான்?" என்றார் முதலாளி. கார் கம்பெனிக்குப் போன் செய்தார். லைன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எவனோ பாஸ்வேர்டைத் திருடப் பார்த்திருக்கிறான். ஏஐ அதை எப்படிக் கண்டுபிடித்தது என்று மகள் சொன்னாள்.

"அப்ப எனக்கு மரியாதை தெரியாதுன்னு மெஷினே சொல்லுதா?"

"அது இப்பதான் சொல்லுது சார்" என்றார் சூப்பர்வைசர், கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டே.

பூசணிக்காய் உடைந்தது. மகள் மறந்துவிட்ட பொட்டைக் கம்ப்யூட்டருக்கு நானே வைத்தேன். அந்த நாற்காலியில் இன்றும் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். இப்போது பட்டையைப் படித்துவிட்டுத்தான் அமுக்குகிறாளாம்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதியவள் என் பேத்தி. நானும் யாரிடமும் தயவுசெய்து என்று பேசியவள் இல்லை. அவள் பள்ளிக்கூடத்துப் பெண். கை சும்மா இருக்காது.

"நீயா மரியாதையா எதுனா சேத்திருந்தா, கேட்டதும் எனக்குத் தெரிஞ்சிடும். எங்க, மொதல்லேர்ந்து படி."