இரண்டாயிரம் தடவை

ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் என் சித்தியின் வீடு பதினாறாம் மாடியில் இருக்கிறது. அங்கே பல்கனிக் கதவு சரியாகப் பொருந்தாது. காற்று வீசினால் திறந்து திறந்து அடித்துக்கொள்ளும். அதைத் தடுக்கக் கதவின் அடியில் ஒரு கண்ணாடிக் கேடயத்தை வைத்திருக்கிறார்கள். ஒரு சாண் உயரம், நல்ல பாரம். அதிலே பந்தை அணைத்தபடி ஓடும் ஒருவனின் உருவம், அதன் கீழே 2000 என்ற எண், அதற்கும் கீழே ‘எம் இனத்தின் பெருமை’ என்ற வரி. அந்த வரியை எழுதியவன் நான். எண்ணைக் கொடுத்தவனும் நான்தான்.

கேடயம் சித்தியின் மகனுக்குக் கொடுக்கப்பட்டது. எனக்குப் பதினாறு வயது இளையவன், தம்பி முறை. இங்கே பிறந்தவன். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஆடும் இந்த நாட்டுக் கால்பந்தைப் பள்ளிக்கூடத்தில் நான்கு வருடமும் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடமும் ஆடி, பிறகு மேற்கே ஒரு நகரத்துத் தொழில்முறை அணியில் சேர்ந்தான். அவனுடைய இடத்துக்கு ரன்னிங் பேக் என்று பெயர். வேலையைச் சொல்வது சுலபம். தன் அணியில் ஒருவன் கையில் தரும் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தன்னைவிட முப்பது நாற்பது கிலோ கூடிய ஆட்கள் நிற்கும் இடத்துக்குள் தலையைக் குனிந்து புக வேண்டும். நான்கைந்து கெஜம் முன்னேறினாலும் அது வெற்றி. முடிவு மட்டும் அனேகமாக எப்போதும் ஒன்றுதான்: அவன் கீழே கிடப்பான், அவன் மேல் மூன்று பேர் கிடப்பார்கள். பிறகு எழுந்து அரை நிமிடத்தில் மறுபடியும் அதையே செய்வான்.

நான் அப்போது ஸ்காபரோவிலிருந்து வந்த ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் வேலை செய்தேன். அவன் ஒவ்வொரு ஆட்டத்திலும் எத்தனை தடவை பந்தைக் கொண்டு ஓடினான் என்பதை ஒரு கொப்பியில் கோடு போட்டு எண்ணுவேன். நான்கு கோடு நிமிர்த்தி, ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பேன். அந்த எண்ணிக்கையை வாரந்தோறும் விளையாட்டுப் பக்கத்தில் பெட்டி கட்டிப் போட்டோம். எங்கள் வாசகர்களில் பலருக்கு இந்த விளையாட்டின் விதிகள் தெரியாது. எல்லோரும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். எண்ணிக்கை கூடுவது நல்லது, ஐம்பது நல்லது, நூறு அதைவிட நல்லது என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். மளிகைக் கடையில் மரக்கறி பொறுக்கிக்கொண்டு நின்ற ஒரு பெரியவர் என்னை மறித்துக் கேட்டது நினைவிருக்கிறது.

“இந்தக் கிழமை எத்தினை?”

“இருபத்திரண்டு, அங்கிள்.”

“போன கிழமை இருபத்தாறெல்லோ? குறைஞ்சுபோச்சே. ஏன், பெடியனுக்குச் சாப்பாடு ஒழுங்காக் குடுக்கேல்லையோ?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் எண்ணிக்கை இருபத்தெட்டு ஆனது. பெட்டியைச் சற்றுப் பெரிதாக்கினோம்.

ஆடிய காலத்தில் தம்பி ஒரேயொரு தடவைதான் இந்த எண்ணிக்கையைப் பற்றிப் பேசினான். அவனுடைய அணி ரொறன்ரோவுக்கு ஆட வந்திருந்தது. மறுநாள் காலை ஹோட்டல் அறையில் இரண்டு முழங்காலிலும் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு கட்டிலில் இருந்தான். கழுத்தைத் திருப்பாமல், உடம்பை முழுதாகத் திருப்பித்தான் என்னைப் பார்த்தான். நான் கொப்பியைக் காட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டினான்.

“கோச்சும் எண்ணுறார் அண்ணா,” என்றான். “பட் அவர் எண்ணுறது வேற மாதிரி. நீங்கள் பழைய கார் வாங்கேக்க எவ்வளவு ஓடித் தேஞ்சிருக்கெண்டு மைலேஜ் பாப்பீங்கள்தானே? லைக் தட்.”

நல்ல உவமையாக இருக்கிறதென்று அதைக் குறித்துக்கொண்டேன். அந்த வாரப் பத்தியில் ‘எங்கள் கார் இன்னும் புதிதுதான்’ என்று தலைப்பிட்டேன். செய்தியைக் காதால் கேட்டு, கையால் எழுதி, அச்சில் ஏற்றிய பின்னும் அதன் பொருளை எடுத்துக்கொள்ளாமல் விட்ட ஒரு சந்தர்ப்பம் என் தொழில் வாழ்வில் உண்டென்றால் அது அதுதான்.

அவனுக்கு இருபத்தெட்டு வயதான குளிர்காலத்தில் ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது. இன்னும் இரண்டு வருடம் கிடைத்தால் போதும் என்று சித்தியிடம் சொல்லியிருந்தான். அந்த மாதம்தான் எங்கள் பத்திரிகையின் ஆண்டு விழாவும் வந்தது. ஒருவரைச் சிறப்பிப்பதென்றால் எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது: பொன்னாடை, கேடயம், கேடயத்தில் முழுமையான ஓர் எண். அவனுடைய எண் முழுமையாக இல்லை. பல்கலைக்கழகக் கணக்கைச் சேர்த்தும் இரண்டாயிரத்துக்குச் சில நூறு குறைந்தது. அப்போது பழைய கொப்பிகளை எடுத்தேன். பள்ளிக்கூட ஆட்டங்களுக்கெல்லாம் போய் பார்வையாளர் வாங்கில் உட்கார்ந்து எண்ணியவன் நான். சில ஆட்டங்களில் அந்தப் பயிற்றுநர் முப்பது தடவைக்கு மேல் அவனிடமே பந்தைக் கொடுத்திருந்தார். பள்ளிக்கூடத்திடம்கூட அந்தக் கணக்கு இருக்கவில்லை. சேர்த்தேன். இரண்டாயிரத்தைத் தாண்டியது. எப்படி வந்தது என்று தம்பிக்கு நான் சொல்லவில்லை. விழாவில் ஆட்களின் நடுவே அவன் கேட்கவுமில்லை.

அவனுடைய அணிக்கு ஆட்களைத் தெரிவு செய்யும் அலுவலர் ஒருவர் வேறு வேலையாக ரொறன்ரோவில் இருந்தார். அவரை விழாவுக்கு அழைத்து முன்வரிசையில் இருத்தினோம். கேடயத்தைக் கண்டதும் அவர் என்னிடம் ஆங்கிலத்தில், தங்களிடம் உள்ள எண்ணிக்கை இதைவிடக் குறைவு என்றார். நான் விளக்கினேன். பள்ளிக்கூடத்தையும் சொன்னேன். முப்பதையும் சொன்னேன். “அந்த வயதில் முப்பதா?” என்று ஒரு முறை திருப்பிக் கேட்டார். ஆம் என்றேன், பெருமையோடு. அவர் கைப்பேசியை எடுத்துக் கேடயத்தை நேரே பிடித்துப் படமெடுத்துக்கொண்டார். அவர் படமெடுப்பதை எங்கள் படப்பிடிப்பாளர் படமெடுத்தார். அதை முன்பக்கத்தில் போட்டோம்.

இரண்டு கிழமைக்குப் பிறகு அணி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவனுடைய இடத்துக்குப் பல்கலைக்கழகம் முடித்த ஒருவனை எடுத்தார்கள். வேறோர் அணி பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டு ஐந்தாம் நாள் திருப்பி அனுப்பியது. அத்தோடு முடிந்தது. நான் எண்ணியிராவிட்டாலும் அதுவேதான் நடந்திருக்கும் என்று எனக்கு நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். இருபத்தெட்டு வயது அந்த இடத்துக்கு முதுமை. அவர்களிடம் அவனுடைய முழங்கால்களின் எக்ஸ்ரே படங்கள் இருந்தன. ஆனால் பள்ளிக்கூடத்துக் கணக்கு அவர்களிடம் இருக்கவில்லை. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

இப்போது அவனுக்கு முப்பத்தைந்து வயது, சித்தியோடுதான் இருக்கிறான். அந்தக் கட்டடத்தின் மின்தூக்கி பழுதாகும் நாட்களில் பதினாறு மாடியையும் பின்பக்கமாகத் திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறான். முன்பக்கமாக இறங்க முழங்கால் விடாது. றிச்மண்ட் ஹில்லில் ஒரு கொண்டோ அடுக்குமாடியின் வரவேற்பு மேசையில் வேலை செய்தான். குடியிருப்பவர்களின் பெயர்கள் நினைவில் நிற்காததால் ஒரு வருடத்துக்கு மேல் அங்கே வைத்திருக்கவில்லை. மறதிக்கு என்ன பெயர் என்று வைத்தியர்கள் உறுதியாகச் சொல்லவில்லை. சித்தி குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அன்றன்றைய காரியங்களை எழுதி ஒட்டுகிறார்.

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பி, பள்ளிக்கூடம், முப்பது, அந்த மனிதர் எடுத்த படம். ஏழு வருடம் சொல்லாமல் வைத்திருந்தது. அவன் கேட்டுவிட்டுப் பெரிதாகச் சிரித்தான்.

“அதுக்கு ஏன் முகத்தை உப்பிடி வச்சிருக்கிறீங்கள், அண்ணா? அது இல்லாட்டியும் கட் பண்ணியிருப்பாங்கள். ஐ வாஸ் ட்வென்டி எய்ட். விடுங்கோ.”

என் தோளில் தட்டினான். சித்தி தேத்தண்ணீர் கொண்டுவந்தார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். எனக்கு உடம்பு லேசாக இருந்தது. பிறகு அவனுடைய பார்வை கதவடிக்குப் போனது.

“அண்ணா, அது எப்பிடி டூ தௌசண்ட் வந்தது? என்ர கணக்குக்குக் கூடவெல்லோ இருக்கு.”

சித்தி என்னைப் பார்க்கவில்லை. கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். நான் இரண்டாம் தடவை முதலிலிருந்து சொன்னேன். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

“அதை அவங்களிட்டச் சொன்னனீங்களோ?”

“ஓம்.”

“எனக்கு இன்னும் ரெண்டு வருசம்தானே வேணுமா இருந்தது,” என்றான். இரண்டு உள்ளங்கைகளையும் முழங்கால்களின் மேல் வைத்து, யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமான்களைப் போல அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் தடவை கேட்டால் எந்தப் பதில் வரும் என்று எனக்குத் தெரியாது. எது அவனுடைய உண்மையான பதில் என்று அவனுக்கும் இனித் தெரியப்போவதில்லை. அவன் என்னை மன்னித்த அந்தப் பத்து நிமிடம் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

புறப்படும்போது கேடயத்தைக் காலால் தள்ளி, எண் சுவர்ப்பக்கம் போகும்படி திருப்பிவிட்டேன். அவன் கண்டுவிட்டான். ஒரு கையால் கதவின் பிடியைப் பற்றி, ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டி, மெல்லக் குனிந்தான். குனிவதற்கு நேரமெடுத்தது. இரண்டாயிரத்தை மறுபடியும் எங்கள் பக்கம் திருப்பி வைத்தான்.

“உப்பிடி வச்சாத்தான் கதவு நிக்கும், அண்ணா,” என்றான்.