எந்த அவர்?

இஸ்திரி அக்கா ஆண்டவரையே அதட்டுகிறாள் என்று மாடி வீட்டு அம்மாள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருப்பது சரியில்லை. அதட்டியது உண்மை. யாரை என்பதில்தான் கோளாறு. மாடிப்படி ஜன்னல் வழியே அந்த அம்மாள் காதில் விழுந்தது இதுதான்: "சொன்னா சொன்னபடி செய்யணும். நேத்து செய்றேன்னீங்க, இன்னைக்கு முகத்தைத் திருப்பிக்கிறீங்க. இப்படி இருந்தா நான் யாரைத்தான் நம்பறது?" பரலோகத்தில் இருப்பவரிடம் பேசுகிற பேச்சா இது என்று காதைப் பொத்திக்கொண்டாராம். முழுவதையும் கேட்டு முடித்த பிறகுதான் பொத்தினார், அதையும் சொல்ல வேண்டும். அந்த அதட்டல் பரலோகத்துக்குப் போனதல்ல. கட்டிலுக்குப் போனது. காலை நீட்டி மடக்கச் சொன்னால் அக்காவின் வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், அதற்கு விழுந்த திட்டு.

குழப்பம் வர முகாந்திரம் இல்லாமல் இல்லை. ஜெபம் என்றால் மற்றவர்களுக்கு 'நீர்', 'உம்மை' என்று தானாக வரும். அக்காவின் வாயில் அது நுழையாது. கட்டினவருக்கும் கர்த்தருக்கும் ஒரே 'நீங்க'தான். பிறத்தியாரிடம் சொல்லும்போது இருவருமே 'அவர்'. "அவர்கிட்ட சொல்லிட்டேன், அவர் பாத்துப்பார்" என்றால் கர்த்தர். "அவருக்கு இன்னும் சோம்பல் போகலை" என்றால் கட்டிலில் இருப்பவர். பழகினவர்களுக்குத் தெரியும். ஜெபக் கூட்டத்தில் ஒருமுறை சாட்சி சொல்ல எழுந்து, "அவரைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, நாற்காலியில உட்கார வச்சேன்" என்று எடுத்த எடுப்பில் ஆரம்பித்தாள். போதகருக்கே இருமல் வந்துவிட்டது.

வாசலைப் பார்த்த முன்னறையில் அவளுடைய இஸ்திரி மேஜை. சட்டைக் காலரில் பெட்டியை வைக்கும்போது அந்தச் சட்டைக்காரருக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்வாள். கண்ணை மூடமாட்டாள், மூடினால் துணி தீய்ந்துவிடும். பட்டன் இல்லாத சட்டை வந்தால், "இந்தப் பிள்ளைக்கு ஒரு நல்ல துணையைக் கொடுங்க" என்று கேட்டுவிட்டு, துணை வரும்வரை நெஞ்சைத் திறந்து போட்டுக்கொண்டு அலைய வேண்டாமே என்று பட்டனையும் தைத்துவிடுவாள். ஜெபமும் பண்ணுகிறாய், ஊசியையும் எடுக்கிறாய், நம்பிக்கை இல்லையா என்று மாடி வீட்டு அம்மாள் மடக்கினார். "துணை அவர் வேலைம்மா. பட்டன் என் வேலை. அவர் வேலையில நான் கை வைக்கிறதே இல்லை" என்றாள்.

வீட்டுக்காரர் பைப்பு வேலை பார்த்தவர். அந்தத் தெருவில் அவர் கைபடாத குழாய் கிடையாது. பக்கவாதம் வந்து வலது பக்கத்தைச் சாய்த்துவிட்டது. காலில் உயிர் இருக்கிறது, நடக்க வைத்தால் நடக்கும், படுக்கையில் விட்டால் இறுகிவிடும் என்று உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் தெளிவாகச் சொல்லியிருந்தாள். அவரோ வேதம் பேசினார்.

"அவருக்குச் சித்தமிருந்தா நடப்பேன். இல்லேன்னா நீ தலைகீழா நின்னாலும் நடக்காது. விடேன்."

பேசி முடித்துத் தலையணையைத் தட்டிப் போட்டுக்கொள்வார். மாடி வீட்டு அம்மாளுக்கு அது பழுத்த விசுவாசமாகத் தெரிந்தது. அக்கா ஏமாறவில்லை. முதல் நாள் எழுந்து நின்றபோது தடாலென்று விழுந்தவர், இன்னொரு தரம் விழப் பயந்து ஆண்டவருடைய சித்தத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "சித்தம் அவரோடது. முழங்கால் உங்களோடது. மடக்குங்க" என்றாள்.

மடக்க வைத்தாள். உட்கார வைத்தாள். இடுப்பில் துண்டைச் சுற்றி, முனையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கும் முன்னறைக்குமாக நடக்க வைத்தாள். நோயாளியை மாட்டைப்போல ஓட்டுகிறாள் என்றும் மாடியிலிருந்து ஒரு பேச்சு இறங்கியது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவளைத் தைத்தது வேறு. வீட்டுக்கு வந்து பார்த்த அந்தப் பயிற்சிப் பெண், ஆன்ட்டி, துண்டை விடுங்கள், பாரமெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது, கால் எப்படிக் கற்றுக்கொள்ளும் என்றாள். அக்கா தலையை ஆட்டினாள், துண்டை விடவில்லை. நாளை நாளை என்று தள்ளினாள். கடைசியில் அவரே நடையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அவர் கைவிட மாட்டார்னு ஊருக்கெல்லாம் சொல்ற. துண்டை மட்டும் நீ விடமாட்டேங்கிறியே."

அக்கா துண்டின் முனையை இன்னொரு சுற்று முறுக்கிப் பிடித்தாள். விட்டு, அவர் விழுந்துவிட்டால் மறுபடி எழ மனசே வராது. அவளுக்கு அந்தப் பயம். அவர் பயந்தாரென்று கண்டுபிடித்தவள் தன் பயத்தைத் துண்டுக்குள் முறுக்கி வைத்திருந்தாள்.

மறுநாள் காலையில் கரண்ட் போயிற்று. பெட்டி ஆறிப்போனது. அவர் வாசலோரம் நாற்காலியில் இருந்தார். கைக்கு வேலை இல்லாததால் அக்கா அதிசயமாக மேஜையடியில் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் கூப்பி, கண்ணையும் மூடிக்கொண்டாள்.

"எனக்கு விட மனசு வரலை. ஆனாலும் விட்டுடறேன். இனிமே நான் பிடிக்கலை, நீங்களே பாத்துக்கங்க."

"சரி" என்று பதில் வந்தது.

இத்தனை வருஷ ஜெபத்தில் காது கேட்கப் பதில் வந்தது அதுதான் முதல் தடவை. கண்ணைத் திறக்கப் பயந்து நன்றி மேல் நன்றியாகச் சொல்லிக்கொண்டே போனாள். ஆமென் சொல்லிப் பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

அவர் நிலைப்படியைத் தாண்டி, இடது கையால் சுவரைத் தொட்டபடி தெருவில் நின்றார். மாடிப்படியில் துணிக்கூடையோடு இறங்கி வந்த அம்மாள் பாதியில் நின்றுவிட்டார். வலது கால் செருப்பு மட்டும் வாசலுக்கு உள்ளேயே தங்கியிருந்தது. அக்கா அதை எடுத்துப்போய், அவர் பாதத்துக்கு முன்னால் நேராக வைத்தாள். பிறகு நிமிர்ந்து, தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.